மந்திரக்கோலுக்கு பேட்டரி எங்கே?

"தம்பி, கம்ப்யூட்டர் பேசுச்சுப்பா."

சென்ற ஆண்டு ஒரு புதன்கிழமை காலை, திண்டுக்கல்லிலிருந்து அப்பா போனில் சொன்ன முதல் வாக்கியம் இது. நான் சென்னையில் ஆபீஸில் இருந்தேன். அப்பாவின் குரல் நடுங்கியது. பணி ஓய்வு பெற்றவருக்குப் பொழுது போகட்டும் என்று நான் வாங்கிக் கொடுத்த லேப்டாப், வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

நடந்தது இதுதான். அப்பா இன்டர்நெட்டில் ஏதோ படித்துக் கொண்டிருந்திருக்கிறார். திடீரென்று திரை முழுவதும் சிவப்பாகிவிட்டது. "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது, அணைக்காதீர்கள், உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. அப்பா பேசினார். மறுமுனையில் இருந்தவர் ஒரு சிறிய புரோகிராமை இறக்கிக் கொள்ளச் சொன்னார். அப்புறம் மவுஸ் தானாகவே நகர்ந்தது. பாதுகாப்புக் கட்டணம் என்றார்கள். கார்டு எண் கேட்டார்கள், ஓடிபி கேட்டார்கள். 24 ஆயிரம் ரூபாய் போய்விட்டது.

பணம் போனது கூட எனக்கு அவ்வளவு அதிர்ச்சி இல்லை. ஏமாந்தவர் யார் என்பதுதான் அதிர்ச்சி. அப்பா டெலிபோன் எக்சேஞ்சில் 34 வருடம் டெக்னீஷியனாக வேலை பார்த்தவர். எங்கள் தெருவில் எந்த வீட்டு ரேடியோ நின்றாலும் சால்டரிங் அயர்னோடு போய் நிற்பார். எந்தப் பொருளையும் திறந்து பார்க்காமல் நம்பாதவர். "நீங்க எப்படிப்பா நம்புனீங்க?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்றுவரை என் காதில் இருக்கிறது.

"அது என்னமோ மந்திரப் பெட்டி மாதிரி இருக்கு. அது சொன்னா கேக்கத்தானே வேணும்?"

நண்பர்களே, இந்தப் பதில்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. ஆனால் நான் பேசப் போவது வைரஸ் பற்றி அல்ல, கதைப் புத்தகங்களைப் பற்றி! உலகம் முழுவதும் அறிவியல் புனைகதைகள் பின்வாங்கி, மாயாஜாலக் கதைகள் முன்னுக்கு வந்திருக்கின்றன. கம்ப்யூட்டர் இதழில் கதைக்கு என்ன வேலை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அப்பாவின் 24 ஆயிரத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பு இருக்கிறது என்பது என் கருத்து.

பறக்கும் கம்பளமும் பீரங்கியும்

முதலில் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்துவிடுவோம். மாயாஜாலக் கதையில் கம்பளம் பறக்கும். எப்படிப் பறக்கிறது என்று கேட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். கேட்கக் கூடாது என்பதுதான் கதை சொல்பவருக்கும் கேட்பவருக்கும் உள்ள ஒப்பந்தம். அறிவியல் புனைகதையில் ஒப்பந்தம் வேறு. அங்கே எதுவும் பறக்க வேண்டுமென்றால், அதற்கு எரிபொருள் எங்கிருந்து வருகிறது என்று ஆசிரியர் சொல்லியாக வேண்டும்.

பிரான்ஸ் நாட்டின் ஜூல்ஸ் வெர்ன் 1865ல் நிலவுக்குப் போகும் கதை ஒன்றை எழுதினார. ஒரு பெரிய பீரங்கியை மண்ணுக்குள் நிறுத்தி, அதன் குண்டுக்குள் ஆட்களை உட்கார வைத்துச் சுடுவதாகக் கதை. பீரங்கியின் நீளம், வெடிமருந்தின் எடை, குண்டின் வேகம் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டிருந்தார். சுடுவதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் அமெரிக்காவின் புளோரிடா. நூறு வருடம் கழித்து அப்பல்லோ விண்கலங்கள் கிளம்பியதும் அதே மாநிலத்திலிருந்துதான்.

அவர் கணக்கில் பெரிய ஓட்டை ஒன்றும் இருந்தது. அந்த வேகத்தில் சுட்டால், வெடித்த கணத்திலேயே உள்ளே இருப்பவர்கள் நசுங்கிப் போவார்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. வெர்ன் சொன்னது தப்பு என்று ஒரு பள்ளி மாணவனால் கூட கணக்குப் போட்டுச் சொல்ல முடியும். பறக்கும் கம்பளத்தைத் தப்பு என்று யாராலும் சொல்ல முடியாது. தப்பாக இருக்க வாய்ப்புள்ள கதைதான் நம்மை யோசிக்க வைக்கிறது. சரிபார்க்கச் சொல்லித் தூண்டுகிறது.

பிறந்த இடம் இதுபோன்ற ஓர் இதழ்தான்

அறிவியல் புனைகதை என்ற வகை ஒரு தனிக் கடையாகத் திறக்கப்பட்ட இடம் எது தெரியுமா? நீங்கள் கையில் வைத்திருப்பதைப் போன்ற, வீட்டில் தொழில்நுட்பம் பயன்படுத்துவோருக்கான ஒரு மாத இதழ்!

லக்ஸம்பர்க் நாட்டில் பிறந்து 1904ல் அமெரிக்கா போனவர் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக். நியூயார்க்கில் ரேடியோ உதிரி பாகங்களைத் தபாலில் விற்றார். வாங்கியவர்களுக்கு அதை எப்படி இணைப்பது என்று சொல்லித்தர வேண்டுமே? 1908ல் மாடர்ன் எலக்ட்ரிக்ஸ் என்ற இதழைத் தொடங்கினார். 1911ல் அதே இதழில் எதிர்காலத்தைப் பற்றிய ஒரு தொடர்கதையைத் தானே எழுதினார். காயில் சுற்றுவது எப்படி என்ற கட்டுரை வரும் அதே இதழில் கதை! வாசகர்களுக்குப் பிடித்துப் போயிற்று. 1926 ஏப்ரலில் கதைகளுக்கென்றே அமேசிங் ஸ்டோரீஸ் என்ற இதழைக் கொண்டு வந்தார். இந்த வகைக் கதைகளுக்கு மட்டுமான முதல் ஆங்கில மாத இதழ் அதுதான். 1953லிருந்து வழங்கப்படும் ஹ்யூகோ விருது அவர் பெயரில்தான் இருக்கிறது.

அந்தக் கதைகளைப் படித்தவர்களில் பலர் ரேடியோவைத் தாங்களே செய்து கேட்டவர்கள். கதையில் ஒரு கருவி வந்தால், "இது வேலை செய்யுமா?" என்று இதழுக்குக் கடிதம் எழுதிச் சண்டை போடுவார்கள். அரை நூற்றாண்டு கழித்து இதே போன்ற இன்னொரு சம்பவம். 1975 ஜனவரி பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற கம்ப்யூட்டர் வந்தது. சுமார் 400 டாலர் கொடுத்தால் பெட்டி நிறைய உதிரி பாகங்கள் வரும். நீங்களே உட்கார்ந்து சால்டர் செய்துகொள்ள வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டர் என்ற எண்ணமே அப்படி ஒரு பொட்டலத்தில்தான் உலகத்துக்கு வந்து சேர்ந்தது.

அறிவியல் புனைகதை வளர்ந்த காலம், மனிதர்கள் பெட்டியைத் திறந்து பார்த்த காலம். இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

அப்பாவின் பைண்டு புத்தகம்

தமிழில் இந்த வகைக்கு முகவரி சுஜாதா. ரங்கராஜன் என்பது இயற்பெயர். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இன்ஜினியர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்கு உள்ளவர். கையில் சர்க்யூட் பிடித்தவர் கதை எழுதினால் எப்படி இருக்கும்? என் இனிய இயந்திரா தொடரில் ஜீனோ என்ற இயந்திர நாய் வரும். நாய் என்று பெயர்தானே தவிர, புத்தகம் படிக்கும், யோசிக்கும், கிண்டல் செய்யும். ஏன் எதற்கு எப்படி என்ற கேள்வி பதில் பகுதியில் அறிவியல் சந்தேகங்களுக்கு அவரே பதில் சொல்வார்.

அப்பா இளைஞராக இருந்தபோது ஆனந்த விகடனில் இயந்திரா வாரா வாரம் வந்திருக்கிறது. அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, காலண்டர் அட்டை போட்டு வைத்திருந்தார். நான் ஏழாம் வகுப்பு கோடை விடுமுறையில் அதைத்தான் படித்தேன். ஓரங்களில் அப்பாவின் பென்சில் குறிப்புகள். ஜீனோ முதன்முதலில் வரும் இடத்தில், "சார்ஜ் எத்தனை மணி நேரம் நிற்கும்?" என்று எழுதியிருந்தார்! டெலிபோன் எக்சேஞ்ச் பேட்டரி ரூமில் வேலை பார்த்தவருக்கு வேறு என்ன தோன்றும்? நான் இன்ஜினியரிங் படித்ததற்கு அந்தப் பென்சில் குறிப்பும் ஒரு காரணம்.

அப்படிக் கேட்டவர்தான் நாற்பது வருடம் கழித்து, "அது சொன்னா கேக்கத்தானே வேணும்" என்கிறார். இடையில் என்ன நடந்தது?

மந்திரவாதிகள் வந்தார்கள்

உலகில் நடந்ததை முதலில் பார்ப்போம். ஹ்யூகோ விருது பல பத்தாண்டுகள் பெரும்பாலும் விண்கலம், ரோபோ, வேற்றுக்கிரகம் என்றுதான் போய்க் கொண்டிருந்தது. 2001ல் சிறந்த நாவலுக்கான ஹ்யூகோ விருது, ஹாரி பாட்டர் வரிசையின் நான்காவது புத்தகத்துக்குப் போனது. ரேடியோ கடைக்காரர் பெயரிலான விருது மந்திரப் பள்ளி மாணவனுக்கு! 2002ல் நீல் கெய்மனின் அமெரிக்கன் காட்ஸ். 2005ல் சூசன்னா கிளார்க்கின் இரண்டு மந்திரவாதிகள் கதை. 2016, 2017, 2018 என்று மூன்று வருடம் தொடர்ந்து என்.கே. ஜெமிசின் வென்றார். நிலநடுக்கத்தை மனதாலேயே அடக்குகிறவர்கள் வாழும் உலகம் அவருடையது.

சினிமாவில், தி லார்ட் ஆப் த ரிங்ஸ் மூன்றாம் பாகம் 2004 ஆஸ்கார் விழாவில் 11 விருதுகளை அள்ளியது. டிவியில் 2011லிருந்து 2019 வரை கேம் ஆப் த்ரோன்ஸ். ஹாரி பாட்டர் புத்தகங்கள் 50 கோடிக்கும் மேல் விற்றுவிட்டன. 2025 ஜனவரியில் வெளியான ஆனிக்ஸ் ஸ்டார்ம் என்ற டிராகன் கதை முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

அறிவியல் புனைகதை செத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. 2015ல் சீன எழுத்தாளர் லியூ சிசினின் தி த்ரீ பாடி பிராப்ளம் ஹ்யூகோ வென்றது. ஆண்டி வியர் என்ற கம்ப்யூட்டர் புரோகிராமர், தி மார்ஷியன் கதையைத் தன் வெப்சைட்டில் இலவசமாகத் தொடராக எழுதினார். செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்டவன் உருளைக்கிழங்கு பயிரிட்டுப் பிழைக்கிற கதை. தண்ணீர் எத்தனை லிட்டர், உணவு எத்தனை நாள் என்று பக்கத்துக்குப் பக்கம் கணக்கு. அது 2015ல் பெரிய படமாகவே வந்து ஓடியது. ஆனால் புத்தகக் கடையில் கூட்டம் எந்த அலமாரி முன்னால் நிற்கிறது என்று பார்த்தால் பதில் தெரிந்துவிடும்.

ஏன் இப்படி?

இதற்கு வழக்கமாக இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, வாக்களித்த எதிர்காலம் வரவில்லை. 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 வீரர்கள் நிலவிலிருந்து திரும்பினார்கள். அதற்குப் பின் அரை நூற்றாண்டு கடந்தும் நிலவில் மனிதக் கால் படவில்லை. செவ்வாயில் காலனி, பறக்கும் கார் எல்லாம் கதையோடு நின்றுவிட்டன. இரண்டு, நிஜம் கதையை முந்திவிட்டது. ஜீனோவை விட அதிகம் பேசும் பொருள் இன்று எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. பிறகு எதற்குக் கதை?

இரண்டும் சரிதான். ஆனால் என் கணிப்பில் மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கிறது. பெட்டிகள் மூடிக்கொண்டுவிட்டன!

2006ல் எங்கள் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகங்கள் வாங்கி அசெம்பிள் செய்தது. ஆன் செய்தால் சில நாள் படம் வராது, பீப் பீப் என்று கத்தும். அப்பா கேபினெட்டைத் திறந்து, ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களை என் பென்சில் ரப்பரால் அழித்துத் துடைத்து மறுபடி சொருகுவார். ஓடும்! எட்டு வயதில் நான் பார்த்த அந்தக் காட்சியில் மந்திரம் எதுவும் இல்லை. அழுக்கு இருந்தது, துடைத்தோம், ஓடியது. அவ்வளவுதான்.

நான் அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில் ரேம் போர்டோடு சேர்த்துச் சால்டர் செய்யப்பட்டிருக்கிறது. கழற்ற முடியாது. பேட்டரியும் உள்ளே. அடியில் இருக்கும் ஸ்க்ரூவுக்கு வீட்டில் இருக்கும் ஸ்க்ரூ டிரைவர் பொருந்தாது. மெல்லியதாக, அழகாக இருக்க வேண்டும் என்று நாம்தானே கேட்டோம்? கிடைத்தது. கூடவே, "இதன் உள்ளே உனக்கு வேலை இல்லை" என்ற செய்தியும் கிடைத்தது. எப்படி என்று கேட்க முடியாத பொருட்களோடு நாள் முழுவதும் வாழ்கிறவர்களுக்கு, எப்படி என்று கேட்காத கதைகள்தானே இயல்பாகப் பிடிக்கும்?

விஸார்டும் வார்மும்

நம் கம்ப்யூட்டரில் புழங்கும் சொற்களைக் கவனித்தாலே இந்த மாற்றம் தெரியும். ரோபோ என்ற சொல் செக் எழுத்தாளர் காரெல் சாபெக்கின் 1920ம் ஆண்டு நாடகத்திலிருந்து வந்தது. கட்டாய உழைப்பு என்று பொருள்படும் ஒரு செக் சொல்தான் அதன் வேர். வைரஸோடு சேர்த்து வார்ம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜான் பிரன்னர் 1975ல் எழுதிய தி ஷாக்வேவ் ரைடர் நாவலில், நெட்வொர்க்கில் தானாகப் பரவும் புரோகிராமுக்கு நாடாப்புழு என்று பெயர். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் இருந்தவர்கள், ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்து வேலை பார்க்கும் புரோகிராமை எழுதியபோது அந்தப் பெயரை எடுத்துக் கொண்டார்கள். ஒரு நாள் இரவு அது தறிகெட்டுப் போய், காலையில் வந்து பார்த்தால் ஆய்வகத்து மெஷின்கள் செயலிழந்து கிடந்தன. கதையில் வந்த ஆபத்து நிஜத்திலும் வந்தது!

சைபர்ஸ்பேஸ் என்ற சொல் வில்லியம் கிப்சனுடையது. அதைப் புகழ்பெற வைத்த 1984ம் ஆண்டு நியூரோமேன்சர் நாவலை அவர் எழுதியது எதில் தெரியுமா? சாதாரண டைப்ரைட்டரில்! புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருப்பவர்கள் தைரியமாக இருங்கள். சைபர்ஸ்பேஸைக் கண்டுபிடித்தவரே அப்போது உங்களை விடப் பின்தங்கித்தான் இருந்திருக்கிறார்.

இவையெல்லாம் அறிவியல் புனைகதை கொடுத்த சொற்கள். ஒவ்வொன்றும் ஓர் எச்சரிக்கையையோ கேள்வியையோ சுமந்து வந்தது. அடுத்து, சாப்ட்வேர் இன்ஸ்டால் செய்யும்போது வரும் விண்டோவைப் பாருங்கள். அதன் பெயர் விஸார்டு. 1991ல் வந்த மைக்ரோசாப்ட் பப்ளிஷரில் பிரபலமான இந்தச் சொல்லுக்கு மந்திரவாதி என்று பொருள். அவர் நம்மிடம் கேட்பது ஒன்றுதான். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், பினிஷ். என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்பதுதான் அவருடைய சேவை!

2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. அதன் பிறகு எங்கள் துறையில் நடப்பதைப் பார்த்தால் விட்டலாச்சார்யா படம் நினைவுக்கு வருகிறது. "இந்த வார்த்தையைச் சேர்த்துக் கேட்டால் நல்ல பதில் வரும்" என்று இன்ஜினியர்களே மந்திரம் பரிமாறிக் கொள்கிறார்கள். நானும் விலக்கல்ல. ஒரு வருடச் சந்தா முடியும் தேதியைக் கணக்கிட ஒரு சிறிய கோடு தேவைப்பட்டது. இத்தகைய ஒரு டூலிடம் கேட்டேன். பத்து வரி கொடுத்தது. ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. வரி வரியாகப் படிக்கவில்லை. 2024 பிப்ரவரி 29 அன்று நள்ளிரவில் போன் அடித்தது. யாராலும் சந்தா கட்ட முடியவில்லை. வருடத்தோடு ஒன்றைக் கூட்டினால் 2025 பிப்ரவரி 29 என்று வருகிறது. அப்படி ஒரு தேதியே கிடையாதே! படித்திருந்தால் இரண்டு நிமிடத்தில் கண்ணில் பட்டிருக்கும்.

இந்த டூல்கள் கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, அடுத்து என்ன சொல் வரலாம் என்று கணித்துக் கணித்துப் பதிலைக் கட்டுகின்றன. மிகப் பயனுள்ளவைதான். ஆனால் அது அருள்வாக்கு அல்ல, கணிப்பு. சரிபார்க்காமல் நம்பிய நான், சிவப்புத் திரையை நம்பிய அப்பாவை எந்த முகத்தோடு குறை சொல்வது?

மாயாஜாலம் என் எதிரி அல்ல

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் ஹாரி பாட்டர் ரசிகன். பள்ளியில் நண்பனிடம் இரவல் வாங்கி, விளக்கை அணைத்த பிறகு டார்ச் வெளிச்சத்தில் முடித்தவன். வேதாளத்தைத் தோளில் தூக்கி நடந்த விக்கிரமாதித்தனைக் கேட்டு வளர்ந்த நமக்கு மாயாஜாலம் ஒன்றும் வெளிநாட்டுச் சரக்கு அல்ல. அதிகாரம் கையில் வந்தால் மனிதன் என்ன ஆவான், நட்புக்காக எதை இழக்கலாம் என்பதையெல்லாம் மந்திரக் கதைகள் அழகாகச் சொல்கின்றன. பல அறிவியல் புனைகதைகளில் கருவிகள் பிரமாதமாக இருக்கும், மனிதர்கள் அட்டையில் வெட்டிய பொம்மைகளாக இருப்பார்கள். வாசகர்கள் விலகியதற்கு அதுவும் காரணம்தான்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. மந்திரப் பள்ளிக் கதையைப் படித்து முடித்த யாரும் விளக்குமாற்றில் ஏறி மாடியிலிருந்து குதிப்பதில்லை. அது கதை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் கையில் இருக்கும் மெஷினை மந்திரம் என்று நினைக்கிறவருக்கு, அதுவும் ஒரு கதைதான் என்பது தெரிவதில்லை. அவர் அதற்குக் கட்டுப்படுகிறார். மெஷினின் குரலில் யார் பேசினாலும் கட்டுப்படுகிறார். அலமாரியில் மந்திரவாதி இருக்கலாம், தப்பில்லை. மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டருக்குள் அவர் குடியேறிவிடக் கூடாது.

குற்றவாளி நான்தான்

அந்த வார இறுதியில் ஊருக்குப் போனேன். சைபர் குற்றங்களுக்கான 1930 எண்ணில் அன்றே புகார் கொடுத்திருந்தோம். பணம் திரும்பவில்லை. அம்மா அப்பாவிடம் சரியாகப் பேசவில்லை. அப்பா லேப்டாப்பைத் துண்டு போட்டு மூடி வைத்திருந்தார், கல்யாண வீட்டில் பலகாரத்தை மூடி வைப்பது போல.

"எனக்கு இது வேணாம் தம்பி, நீயே எடுத்துக்கிட்டுப் போயிரு" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. லேப்டாப் வந்த அன்று அவர் என்னிடம் நிறையக் கேட்டார். "இந்த வைபை எப்படி வருது? நான் டைப் பண்றது எங்க போய்ச் சேருது? மூடுனா அணைஞ்சிருமா, தூங்குமா?" எனக்குச் சென்னை பஸ்ஸுக்கு நேரமாகிக் கொண்டிருந்தது. "அதெல்லாம் உங்களுக்கு எதுக்குப்பா? இதை அழுத்துங்க, வரும். அது போதும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஓரத்தில் பென்சிலால் கேள்வி எழுதும் மனிதரிடம், கேள்வி கேட்காதே என்று சொன்னது நான்தான். பெட்டியை மூடியது கம்பெனி மட்டும் அல்ல, மகனும்தான்.

துண்டை எடுத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். ஒரு சாதாரண வெப் பக்கத்தைத் திறந்து எப் 11 கீயை அழுத்தச் சொன்னேன். பக்கம் திரை முழுவதையும் மூடிக்கொண்டது. "அன்னைக்கு வந்தது இதுதான்ப்பா. வெறும் ஒரு பக்கம். சிவப்பு பெயின்ட் அடிச்சு, ஒரு ஆடியோ பைலை ஓட விட்டிருக்காங்க." எஸ்கேப் கீயைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தாலே பெரும்பாலும் முழுத்திரையிலிருந்து வெளியே வந்துவிடலாம் என்றேன். வரவில்லை என்றால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து எண்ட் டாஸ்க் கொடுத்தால் கதை முடிந்தது. நிஜமான எச்சரிக்கை எதுவும் போன் நம்பர் கொடுத்துக் கூப்பிடச் சொல்லாது.

அப்பா தானே மூன்று முறை செய்து பார்த்தார். பிறகு, "வெறும் பக்கமா?" என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்தது. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஏமாந்தவரின் கூச்சம் போய், டெக்னீஷியனின் கோபம் வந்துவிட்டது!

பரணில் இருந்த பெட்டி

வாசகர்களே, புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். கம்ப்யூட்டர் முழுவதையும் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. எனக்கே முழுவதும் தெரியாது. வாரத்துக்கு ஒரே ஒரு 'எப்படி' கேளுங்கள். டெலீட் செய்த பைல் எங்கே போகிறது? பாஸ்வேர்டு சரி என்று அந்த வெப்சைட்டுக்கு எப்படித் தெரிகிறது? பதில் பாதி புரிந்தாலும் போதும். வீட்டில் பெரியவர்களோ குழந்தைகளோ கேட்டால், "அதெல்லாம் உனக்கு எதுக்கு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பதில் எங்களுக்கு 24 ஆயிரம் ரூபாய் ஆயிற்று.

குழந்தைகளுக்குப் புத்தகம் வாங்கும்போது, ஒரு டிராகன் கதை வாங்கினால் கூடவே ஒரு விண்கலக் கதையும் வாங்குங்கள். தமிழில் சுஜாதா இப்போதும் அச்சில் கிடைக்கிறார். படித்துவிட்டு, இதில் எது நடக்கும், எது நடக்காது என்று வீட்டில் சண்டை போடுங்கள். அந்தச் சண்டைதான் வேண்டும். அறிவியல் புனைகதை ஒரு வகை என்ற அளவில் தேய்ந்தால் எனக்கு வருத்தம் மட்டும்தான். அது கற்றுக் கொடுத்த கேள்வி கேட்கும் பழக்கம் தேய்ந்தால்தான் பயம்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பா ஒரு கேள்வியோடு காத்திருந்தார். "ஷட்டவுன் பண்ணி வச்சுட்டுக் காலையில ஆன் பண்ணினாலும் கரெக்டா டைம் காட்டுதே. இன்டர்நெட் இல்லாதப்பவும் காட்டுது. ராத்திரி பூரா யாரு எண்ணிக்கிட்டு இருக்கா?"

பரணில் கிடந்த 2006 கம்ப்யூட்டரை இருவரும் இறக்கினோம். தூசி தட்டிக் கேபினெட்டைத் திறந்தோம். மதர்போர்டின் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி. "இதோ பாருங்கப்பா, மெஷின் அணைஞ்ச பிறகும் ஒரு சின்ன கடிகார சர்க்யூட்டை இது ஓட வைக்குது. இது தீர்ந்தா தேதி பல வருஷம் பின்னாடி போயிரும்" என்றேன். லேப்டாப்பிலும் இதே போன்ற கடிகாரம் உண்டு, சிலவற்றில் பெரிய பேட்டரியிலிருந்தே அதற்கு மின்சாரம் போகும் என்றும் சொன்னேன்.

அப்பா அதை நகத்தால் நெம்பி வெளியே எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். 3 வோல்ட் என்று போட்டிருந்ததைச் சத்தமாகப் படித்தார். பிறகு உள்ளே போய், தன் பழைய மல்டிமீட்டரைத் தேடி எடுத்து வந்தார்.